மயக்க மருந்து டாக்டர் கையில் கொடுக்க ஒரு பிடிஎஃப்: ஆர்ஃபன்அனெஸ்தீசியா எப்படி?

அரிய தசை நோய் இருப்பவர்களுக்கு ஆபரேஷனை விட மயக்க மருந்துதான் பெரிய விஷயம். சர்ஜனுக்குப் பித்தப்பை என்றால் பித்தப்பைதான், யாருடையது என்பதில் பெரிய வித்தியாசமில்லை. மயக்கம் கொடுப்பவருக்கு அப்படி இல்லை. எனக்கு மயோடோனிக் டிஸ்ட்ரோஃபி முதல் வகை, அதாவது தசை பலவீனமாகி, இறுகிய தசை சட்டென்று தளராத மரபு நோய். பித்தக்கல் இந்த நோயோடு அடிக்கடி ஒட்டிக்கொண்டு வரும், எனக்கும் வந்தது. பித்தப்பையை எடுத்தே ஆகவேண்டும் என்றானதும் நான் தேடிப்போன இடம் ஆர்ஃபன்அனெஸ்தீசியா.

ஜெர்மன் மயக்கவியல் சங்கம் நடத்தும் தளம் இது. அரிய நோய் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பிடிஎஃப், முழுக்க இலவசம். நோயின் பெயரைத் தேடினால் போதும். நோயைப் பற்றிய சுருக்கம், என்ன ஆபரேஷன்கள் வழக்கமாக வரும், முன்கூட்டியே என்ன பரிசோதனை, மூச்சுக்குழாய் போடும்போது என்ன கவனிக்கணும், எந்த மருந்து ஆகாது, முடிந்த பிறகு எப்படிக் கண்காணிக்கணும் என்று எல்லாத் தாள்களும் ஒரே வரிசையில் போகும். அவசரத்தில் புரட்டுகிற டாக்டருக்கு இந்த வரிசை ரொம்ப உதவி. முகப்பிலேயே, ஒவ்வொரு நோயாளியும் தனி, ஒருவேளை நோய்க்கணிப்பே தவறாக இருக்கலாம் என்கிற மாதிரி எச்சரித்து வைத்திருக்கிறார்கள். இந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

நோய்க்கணிப்பை ஏன் அவ்வளவு அழுத்துகிறார்கள் என்றால், 'தசை நோய்' என்று பொதுவாகச் சொன்னால் டாக்டருக்கு எதுவும் தெரியாது. சென்ட்ரல் கோர் என்ற பிறவித் தசை நோய் என்றால் பயம் மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா, அதாவது மயக்க மருந்தால் தசை இறுகி உடல் சூடு ஆபத்தாக ஏறுவது: செவோஃப்ளூரேன் போன்ற மயக்க வாயுக்களும், தசையைத் தளர்த்தப் போடும் சக்சினைல்கோலின் ஊசியும் கூடாது, மாற்று மருந்தான டான்ட்ரோலின் கைவசம் இருக்கணும். டூஷேன் என்ற, சிறுவயதிலேயே தொடங்கும் தசைச்சிதைவு நோயில் அதே வாயுவும் ஊசியும் தசையைச் சிதைத்து, பொட்டாசியம் ஏறி, இதயத்தையே நிறுத்திவிடலாம், ஆனால் அது வேறு வழியில் நடக்கும் வேறு ஆபத்து. எங்கள் நோயில் மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா வரும் வாய்ப்பு மற்றவர்களுக்கு இருக்கிற அளவுதான். இங்கே சக்சினைல்கோலின் கூடாது என்பதற்குக் காரணம், தளர்த்தவேண்டிய ஊசி தசையை இறுக்கிவிடும், தாடை பூட்டிக்கொள்ளும், வாயைத் திறந்து குழாய் போட முடியாமல் போகலாம். மரபணுப் பரிசோதனை அறிக்கை இருந்தால் அதன் நகலையும் சேர்த்தே கொண்டுபோங்கள்.

என் மயக்க மருந்து டாக்டருக்கு ஆபரேஷனுக்கு நன்றாக முன்னாலேயே தாளை அனுப்பிவிட்டேன், அது நல்லதாகப் போயிற்று. நேரில் போனபோது எழுந்து கை கொடுத்தார். பிடித்த என் விரல்கள் விடவில்லை. கட்டைவிரல் உள்ளங்கைப் பக்கம் மடங்கியபடியே நிற்க, மற்ற விரல்கள் ஒவ்வொன்றாக மெல்ல நிமிர்ந்தன. அவர் கையை இழுக்காமல் அப்படியே வைத்திருந்து, "சரி, படிச்சது இதுதானா" என்றார். அப்புறம் பேச்சு நேராக விஷயத்துக்கு வந்தது. ஈசிஜி, எக்கோ பார்த்தாக வேண்டும், ஏனென்றால் இந்த நோய் இதயத்தின் மின்கடத்தலையும் விட்டுவைக்காது. குளிரில் நடுங்கினால் தசை பிடித்துக்கொள்ளும், அதனால் வெதுவெதுப்பான போர்வை, சூடாக்கிய சலைன். தசையைத் தளர்த்த ரோகுரோனியம் என்ற மருந்து, கடைசியில் அந்தத் தளர்ச்சியை நீக்க நியோஸ்டிக்மின் என்ற மருந்துக்குப் பதில் சுகமடெக்ஸ். தாளில் இருந்ததை அவர் அப்படியே ஒப்பிக்கவில்லை, ஒவ்வொன்றுக்கும் தன் காரணத்தையும் சொன்னார்.

நோயாளிகள் தாண்டிப்போகிற பகுதி ஒன்று இருக்கிறது, அதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: ஆபரேஷன் முடிந்த பிறகு. முழித்துவிட்டோம், பேசுகிறோம், இனி வார்டுக்குப் போகலாம் என்று தோன்றும். எங்களுக்கு மூச்சு பிறகுதான் மந்தமாகும், அதிலும் மார்ஃபின் வகை வலிமருந்து கொடுத்தால். விழுங்கும் தசை பலவீனம் என்பதால் எச்சில் நுரையீரலுக்குள் போகிற ஆபத்தும் உண்டு. குறைந்தது 24 மணி நேரமாவது ஆக்சிஜன் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்கும் படுக்கை வேண்டும், அதை முன்கூட்டியே பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள். 'எனக்கு லேசான நோய்தானே, நடந்துதானே வந்தேன்' என்பது இங்கே செல்லாது. லேசாக இருப்பவர்களுக்கும் இதே சிக்கல் வந்திருக்கிறது.

குறை என்று பார்த்தால், இது முழுக்க டாக்டர்களுக்காக எழுதியது. ஆங்கிலத்தில், மருத்துவப் பெயர்கள் வரிக்கு வரி, நம்மைப் போன்றவர்கள் தனியாக உட்கார்ந்து படித்தால் பயம்தான் மிஞ்சும். எல்லா நோய்க்கும் தாள் இல்லை. இருப்பதிலும் தேதியைப் பாருங்கள், சில பழையவை. அவசரமாக ஆம்புலன்ஸில் போகும்போது பிடிஎஃப்பை யார் தேடுவார்கள்? நோயின் பெயர், ஆகாத மருந்து, யாரைக் கேட்பது என்று சுருக்கமாக எழுதிய ஒரு அட்டை பர்ஸில் இருக்கட்டும். 5க்கு 4 கொடுப்பேன்.

இன்னொன்று. எண்டோஸ்கோபி, பல் பிடுங்குவது, கண்புரை எடுப்பது மாதிரி சின்ன வேலைக்குப் போனாலும், 'லேசா தூங்க ஒரு ஊசி போடுறோம்' என்று யாராவது சொன்னால், அந்த ஊசிக்கு முன்னாலும் இதே தாளைக் கொடுங்கள்.