மாகுலா சிதைவு: உலர் வகையும் ஈர வகையும்

மாகுலா என்பது விழித்திரையின் நடுப்பகுதி. வயதானபின் வரும் மாகுலா சிதைவில் பத்துப் பேரில் எட்டு, ஒன்பது பேருக்கு இருப்பது உலர் வகைதான். விழித்திரைக்கு அடியில் ட்ரூசன் என்ற மஞ்சள் படிவுகள் சேரும். அவற்றின் அளவு 63 மைக்ரானுக்குள் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருந்தால் வயதின் அடையாளம் என்று விட்டுவிடலாம். 125-ஐத் தாண்டினால் நோயின் இடைநிலை. அப்போதும் பலருக்குப் பார்வை நன்றாகவே இருக்கும், அதுதான் வம்பே. பல ஆண்டுகள் போக, விழித்திரைக்கு அடியிலுள்ள நிறமி அடுக்கு திட்டுத்திட்டாக அழியும். படிக்கும்போது வரியின் நடுவே எழுத்துகள் காணாமல் போகும்.

ஈர வகை அவ்வளவு பொறுமையானது அல்ல. விழித்திரைக்குப் பின்னால் ரத்தக்குழாய்கள் நிறைந்த கோராய்டு அடுக்கிலிருந்து புது ரத்தக்குழாய்கள் முளைத்து நீரும் ரத்தமும் கசியும். ஜன்னல் கம்பி வளைந்து தெரியும். சில நாட்களிலேயே பார்வை சரியலாம், விட்டால் தழும்பாகிவிடும்.

ஆனால் வைத்தியம் என்று பார்த்தால், என் கணக்கில் ஈர வகைக்காரர்களே கொடுத்துவைத்தவர்கள். 2006-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரானிபிசுமாப் போன்ற ஊசிகளைக் கண்ணுக்குள் போட்டால் பலருக்குச் சரிவு நிற்கிறது, சிலருக்குப் பார்வை மேம்படவும் செய்கிறது. உலர் வகையின் முற்றிய நிலைக்கு 2023-இல் அங்கே வந்த பெக்செட்டகோப்ளான் என்ற மருந்து, அழிவின் வேகத்தைக் குறைக்கும், போனதை மீட்காது.

அப்புறம், உலர் வகை ஈர வகையாக மாறவும் கூடும். அதனால்தான் ஒவ்வொரு கண்ணாக மூடி, கட்டம் போட்ட தாளில் கோடுகள் வளைந்து தெரிகின்றனவா என்று பார்க்கச் சொல்கிறார்கள்.