வீல்சேர்ல இருக்கறவங்களுக்காக ஊட்ட மாத்தப் போறீங்களா? அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி இதப் படிங்க

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் இப்ப நெறைய பேரு முதியோர் வசதியையும் ஸ்மார்ட் ஹோமையும் சேத்து ஒரே பேக்கேஜா விக்கறாங்க. அப்படி ஒரு கோயமுத்தூர் கம்பெனிகிட்ட ஆறரை லட்சத்துக்கு வேலை பேசுனோம், அதுல முக்காவாசிப் பணத்த வாங்கிப்போட்டு அவங்க பண்ணி வெச்ச வேலை எங்கம்மா உசுருக்கே ஒல வெக்கற மாதிரி இருந்துச்சுங்க. புகார் நடந்துட்டு இருக்கறதால பேரு போடல. என்ன பண்ணுனாங்கன்னு மட்டும் சொல்லிப்போடறேன்.

அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது கை காலு விழுந்துருச்சு, பேச்சும் கொழறும். எங்களுது பெருந்துறைக்குப் பக்கத்துல பழைய தார்சு ஊடு. வந்த டிசைனர் லேப்டாப்ல த்ரீடி படமாக் காட்டுனாரு, வெரல் வெச்சா கதவு தொறக்குது, ஸ்பீக்கர்கிட்டச் சொன்னா ஃபேன் ஓடுது, ராத்திரி எந்திரிச்சா லைட் தானா எரியுது. ஆனா கடைசி வரைக்கும் அம்மா உக்கார்ற சேரோட அகலத்த ஒருத்தரும் டேப் வெச்சு அளக்கலீங்க, எந்தக் கை வேலை செய்யுதுன்னு ஒரு வார்த்தை கேக்கல.

சாய்தளத்தப் பாருங்க. எங்க வாசல்ல இருந்து ஆசாரத்துக்கு, அதாவது ஊட்டு கூடத்துக்கு, ரெண்டடி ஒசரம். ஒரு அடி ஏறோணும்னா பன்னெண்டு அடி நீளம் வேணும், அரசாங்க நெறிமுறைலயே 1:12ன்னு இருக்குது. அப்படின்னா 24 அடி, திரும்பற எடத்துல அஞ்சடிக்குச் சமதளம். இவங்க ஆறடில முடிச்சு மேல வழுவழுன்னு டைல்ஸும் ஒட்டிட்டாங்க. மொத நாளு அம்மாவ எறக்கறப்ப சேரு பின்னாடி புடிச்சிருந்த எஞ் சம்சாரத்தையும் சேத்து இழுத்துட்டுப் போயி காம்பவுண்டு செவுத்துல மோதித்தான் நின்னுச்சு.

பாத்ரூமுக்கு பழைய ரெண்டரை அடி நெலவ அப்படியே விட்டுட்டு கதவ மட்டும் புதுசாப் போட்டாங்க. கட்டை போக உள்ள கெடைக்கறது இருவத்தாறு அங்குலம், சேரே இருவத்தஞ்சு, கை ஒரசாம எப்படிப் போறது? கதவு தொறந்தா தடையில்லாம 900 மில்லிமீட்டர், அதாவது மூணடி இருக்கோணும், உள்ள சேரு திரும்பறதுக்கு அஞ்சடி வட்டம் வேணும். அதுவும் உள்பக்கமாத் தொறக்கற கதவு, உள்ள ஒருத்தர் விழுந்து கதவ அடைச்சுக் கெடந்தா வெளிய இருக்கறவங்க என்னங்க பண்ண முடியும்? க்ராப் பார்னு, அதாவது புடிச்சு எந்திரிக்கற கைப்பிடிக் கம்பின்னு, பில்லு போட்டுட்டு மாட்டுனது டவல் ராடு, அதுவும் வலது பக்கம், விழுந்துபோன கைப் பக்கம். செங்கல்லு வரைக்கும் ஆங்கர் போல்ட் போகவே இல்ல, டைல்ஸுல பிளாஸ்டிக் கட்டையோட சரி. நானு ரெண்டு கைலயும் புடிச்சு இழுத்தேன், பேந்து வந்துருச்சு. அம்மா புடிக்கறதுக்கு முன்னாடி இழுத்துப் பாத்தது எங்க குலசாமி புண்ணியம். லைட்டுக்கு மோஷன் சென்சாராம், ஆளு அசைஞ்சாத்தான் எரியும். அம்மா டாய்லெட்ல அசையாமத்தான உக்காந்திருப்பாங்க, பாதில லைட் அணைஞ்சு உள்ள இருந்து கொழறிக் கொழறிக் கூப்பிடுவாங்க, கேக்கவே வயிறு பத்திக்கும்.

எல்லாத்தையும் விட மோசம் வயரிங். ஸ்மார்ட் சுவிட்ச் பலதுக்கும் சுவிட்ச் பெட்டிக்குள்ள நியூட்ரல் வயர், அதாவது கரண்ட் திரும்பிப் போற வயர், வந்திருக்கோணும். பழைய ஊடுகள்ல பெட்டிக்கு ஃபேஸ், அதாவது கரண்ட் வர்ற வயர், மட்டும் வரும், நியூட்ரல் நேரா லைட்டுக்குப் போயிரும். அப்ப ஒண்ணு புதுசா வயர் இழுக்கோணும், இல்லாட்டி நியூட்ரல் தேவைப்படாத மாடலா வாங்கோணும். இவங்க எர்த் வயரையே நியூட்ரலாக் குடுத்துட்டாங்க. அதுனால ஆர்சிசிபி டிரிப் ஆகிட்டே இருக்க, அதையும் பைபாஸ் பண்ணிப்போட்டாங்க. 30 மில்லி ஆம்பியர் கசிஞ்சாலே கரண்ட நிறுத்தி ஆளக் காப்பாத்தறதுக்கு இருக்கற சாமானுங்க அது! எர்த் எங்கியாச்சும் அறுந்துச்சுன்னா கீசரு, வாசிங் மெசின் மேலயெல்லாம் கரண்ட் ஏறி நிக்கும். எங்க ஊரு எலக்ட்ரீசியன் அண்ணன் போர்டைக் கழட்டிப் பாத்துட்டு, "ஏனுங் தம்பி, ஆருங்க இத பண்ணுனது, மொதல்ல மெயின ஆஃப் பண்ணுங்க, அம்மாவத் தண்ணி பக்கம் உடாதீங்க"ன்னு சத்தம் போட்டாரு.

ஸ்பீக்கர் அம்மா கொழறிப் பேசறத ஒரு நாளும் புடிச்சுக்கல. அவசர பட்டனும் அப்படித்தான், வைஃபைல ஓடுது, ரூட்டர் இன்வெர்ட்டர் லைன்ல இல்ல, மாசாந்திரப் பராமரிப்புக்கு கரண்ட் போற அன்னிக்கு அமுக்குனா யாருக்கும் தெரியாது. இப்ப பேட்டரில ஓடற சாதா காலிங் பெல்லு இடது கைக்கு எட்டற மாதிரி கட்டிலோட கட்டி வெச்சிருக்கறோம், அது நல்லா வேலை செய்யுது.

அப்பறம் ஆப் கணக்கு. எல்லாத்தையும் அவங்க ஆளோட மெயில் ஐடில பதிவு பண்ணிட்டு நமக்கு ஷேர் மட்டும் குடுத்திருந்தாங்க. மிச்சப் பணத்த நிறுத்துன ஒடனே ஷேரத் தூக்கிட்டாங்க. லைட், பூட்டு எல்லாம் ரீசெட் பண்ணி எங்க கணக்குல ஏத்திட்டோம். கேமரா மட்டும் வேற கணக்குல இருக்குதுன்னே சொல்லுச்சு. அந்தக் கேமரா அம்மா கட்டிலப் பாத்து இருக்குதுங்க, எங்கம்மாவுக்கு துணி மாத்தறத எவனோ போன்ல பாக்க முடியும்னு நெனைச்சா தூக்கமே வரல. புடுங்கி எறிஞ்சுட்டோம். நீங்க பண்றதா இருந்தா முதன்மைக் கணக்கு உங்க மெயில், உங்க நம்பர்லதான் இருக்கோணும்னு ஒப்பந்தத்துலயே எழுதி வாங்குங்க, சாய்தள நீளம், கதவு அகலம், கைப்பிடி எந்தப் பக்கம் எத்தனை ஒசரம் எல்லாத்தையும் எண்ணு போட்டு எழுதச் சொல்லுங்க. கடைசித் தவணைய உங்க ஆளச் சேர்ல உக்கார வெச்சு வாசல்ல இருந்து பாத்ரூம் வரைக்கும் தள்ளிப் பாத்துட்டுக் குடுங்க.

ஏற்கனவே மாட்டிட்டவங்களுக்கு: 1915க்குக் கூப்பிட்டா தேசிய நுகர்வோர் உதவி மையத்துல புகார் பதிஞ்சுக்குவாங்க. நாங்க பதிஞ்சுட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போயிருக்கறோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம், அதனால கம்பெனி கோயமுத்தூர்னாலும் ஈரோட்டுல போட்டோம். குடுத்த பணம் 5 லட்சத்துக்குள்ள இருந்தா கட்டணம் இல்ல. ரெண்டு வருசத்துக்குள்ள போட்டுறோணும். பில்லு, பணம் அனுப்புன கணக்கு, வாட்ஸ்அப் பேச்சு, வேலைய இடிக்கறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ, எலக்ட்ரீசியன் கையெழுத்துப் போட்டுக் குடுத்த குறிப்பு எல்லாம் பத்திரமா வெச்சுக்கங்க.