உறையே கட்டை: தோளில் ஊன்றிச் சுடும் கைத்துப்பாக்கிகளில் எது தேறும்?

கைத்துப்பாக்கியால் ஐம்பது மீட்டருக்கு அப்பால் இருக்கும் இலக்கைச் சரியாக அடிப்பது பயிற்சி உள்ளவர்களுக்கே கஷ்டம். கை ஆடும். குழல் குட்டை. குறிபார்க்கக் குழலின் மேல் வைத்திருக்கும் முன்குறிக்கும் பின்குறிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தாலே பெரிது. ரைஃபிளில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு பீரங்கிக்குக் குண்டு ஏற்றவோ, டாங்கிக்குள் இறங்கவோ முடியாது. போரில் சுடுவது மட்டுமே வேலையாக இல்லாதவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காக வந்ததுதான் பிடியில் மாட்டித் தோளில் ஊன்றி, பிறகு கழற்றிவிடும் கட்டை. அந்தக் கட்டையையே துப்பாக்கியின் உறையாகவும் ஆக்கிவிட்டால் தனியாக ஒரு சுமை கிடையாது.

யோசனை பழையது. 1850-களிலேயே கோல்ட் நிறுவனம் தன் சுழல் துப்பாக்கிகளுக்குக் கழற்றும் கட்டை விற்றது. அதில் ஒரு வகைக்குள் குடிதண்ணீர்கூட ஊற்றிவைக்கலாம்! தோட்டா தீர்ந்தாலும் தாகம் தீரும் என்று நினைத்தார்களோ என்னவோ.

இந்த வகையில் பேர் வாங்கியவை ஐந்து: மௌசர் சி96, பீரங்கிப்படை லூகர், பிரௌனிங் ஹை-பவர், சோவியத் ஸ்டெச்கின், ஜெர்மனியின் விபி70. தோளில் ஊன்றினால் எப்படிச் சுடுகிறது என்பதோடு மட்டும் ஒப்பீட்டை நிறுத்தினால் பாதிக் கதைதான் கிடைக்கும். இடுப்பில் தொங்கும் மீதி நேரம் முழுக்க அந்தக் கட்டை என்ன செய்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏனென்றால் சுடும் நேரம் சில நிமிடம், சுமக்கும் நேரம் நாள் முழுக்க.

மௌசரிலிருந்து தொடங்குவோம், அதுதான் இந்தக் குடும்பத்தின் மூத்தது. ஜெர்மனியின் ஓபர்ன்டார்ஃப் ஆலையில் ஃபெடர்லே சகோதரர்கள் வடிவமைத்தது, 1896-இல் உற்பத்திக்கு வந்து 1937 வரை ஓடியது. 7.63 மி.மீ. தோட்டா, பிடிக்கு முன்னால் பத்துத் தோட்டா கொள்ளும் நிலையான மேகசின், சுமார் 140 மி.மீ. குழல். உறை முழுக்க மரத்தால் ஆனது. கீல் வைத்த மூடியைத் திறந்தால் உள்ளே துப்பாக்கி. வெளியே எடுத்து, மூடியைச் சாத்தி, உறையின் குறுகிய முனையில் உள்ள இரும்பு நாக்கைப் பிடியின் பின்பக்கக் காடியில் செருகினால் அது கட்டை. துருத்தும் திருகோ தொங்கும் வாரோ கண்ணில் படாத வேலைப்பாடு. கையில் எடுத்துப் பார்ப்பவருக்கு ஆசை வரும் பொருள் இந்த ஐந்தில் இது ஒன்றுதான்.

ஆனால் அதன் பின்குறியில் பல மாதிரிகளில் 1000 மீட்டர் வரை எண் பொறித்திருப்பது விற்பனைத் தந்திரம். கைத்துப்பாக்கித் தோட்டா அவ்வளவு தூரம் போய் விழும், உண்மை. போகிற வழியில் எதைத் தொடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. நூறு மீட்டர், நல்ல கை என்றால் இன்னும் கொஞ்சம், அதோடு சரி. கட்டையும் குட்டை. கன்னத்தை வைத்தால் சுடும்போது பின்னால் பாயும் போல்ட் (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்து நிற்கும் இரும்புத் துண்டு) முகத்துக்குக் கிட்டே வந்து போகும். பழகாதவர் கண்ணை மூடிக்கொள்வார்.

இந்தத் துப்பாக்கிக்கு இந்திய வரலாற்றில் தனி இடம் உண்டு. 1896-இல் பம்பாய்த் துறையில் படகிலிருந்து இறங்கும்போது இளம் சர்ச்சிலின் தோள் பிசகியது. அந்தத் தோளோடு வாள் வீச முடியாது என்பதால் 1898-இல் சூடானின் ஆம்துர்மானில் நடந்த குதிரைப்படைத் தாக்குதலில் அவர் மௌசரை எடுத்தார். அவருக்குக் கட்டை தேவைப்படவில்லை, குதிரை மேல் அதை மாட்ட நேரமும் இல்லை. கட்டையின் அருமையைக் கவனித்துப் பதிவு செய்தவர்கள் வேறு ஆட்கள். 1914 ஆகஸ்ட் 26 அன்று கல்கத்தாவின் ரோடா ஆயுத வணிக நிறுவனத்துக்கு வந்திறங்கிய 202 பெட்டிகளில் 192 மட்டுமே கிடங்கு போய்ச் சேர்ந்தன. மீதிப் பத்தும் புரட்சியாளர் கைக்குப் போயின: 50 மௌசர்கள், 46,000 தோட்டாக்கள். பிறகு புரட்சி இயக்கங்களை விசாரிக்க ஆங்கிலேய அரசு அமைத்த ரௌலட் குழு தன் அறிக்கையில் இதை விவரிக்கும்போது, துப்பாக்கி இருக்கும் பெட்டியையே பிடியில் மாட்டினால் ரைஃபிள்போலத் தோளில் வைத்துச் சுடலாம் என்பதைத் தனியாகக் குறித்துவைத்தது. ஆங்கிலேய அரசை உறுத்தியது எண்ணிக்கை மட்டும் இல்லை, அந்த மரப்பெட்டியும்தான். அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஒடிசாவின் பாலேஸ்வர் அருகே வங்கப் புரட்சியாளர் பாகா ஜதீனும் நான்கு தோழர்களும் ரைஃபிள் ஏந்திய போலீஸ் படையை மௌசர்களோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் எதிர்த்து நின்றார்கள்.

சீனாவிலோ அது வேறு அளவு. 1919-க்குப் பிறகு மேலை நாடுகள் அங்கே ஆயுதம் விற்பதைக் கட்டுப்படுத்தியிருந்த காலத்தில் படைத்தலைவர்கள் இந்த மௌசர்களைக் கொத்துக் கொத்தாக வாங்கினார்கள். ரைஃபிள் கிடைக்காத இடத்தில் கட்டையோடு வரும் பிஸ்டல் பாதி ரைஃபிள். ஷான்ஷி மாகாணத்தின் தைய்யுவான் ஆலை .45 தோட்டாவுக்கு ஏற்றமாதிரி பெரிதாக்கிச் சொந்தமாகவே செய்தது. ஸ்பெயினும் நகல் எடுத்து அனுப்பியது. 1930-களில் மௌசரே சரமாரியாகச் சுடும் வகையைக் கொண்டுவந்தது. கட்டை இல்லாமல் அதைப் பிடிப்பது வீண், குழல் வானத்தைப் பார்த்துவிடும்.

அடுத்தது லூகர். ஜெர்மன் ராணுவம் 1913-இல் ஏற்ற நீளக்குழல் மாதிரி, பீரங்கிப்படைக்காகவே வந்தது. சாதாரண லூகரின் குழல் 100 மி.மீ., இதற்கு 200. குறி 800 மீட்டர் வரை, அதுவும் மிகைதான். ஆனால் மௌசர் பொய் சொன்ன அளவுக்கு இது சொல்லவில்லை. குழல் நீளமானதால் 9 மி.மீ. தோட்டாவுக்கு வேகம் கூடியது, குறிகளுக்கு நடுவே இடைவெளி கிடைத்தது. பின்குறியைக் குழலின் மேலேயே கொண்டுபோய் வைத்ததால் கண் திணறாது. சுடும்போது லூகரின் முழங்கால் மாதிரி மடியும் பூட்டு கண்ணுக்கு நேரே எழுந்து தணியும், அது ஒன்றுதான் உறுத்தல்.

இதன் கட்டை மௌசர்போலப் பெட்டி அல்ல, தட்டையான பலகை. தோல் உறையை அந்தப் பலகையோடு வாரால் கட்டியிருப்பார்கள். பார்க்க அழகில்லை. ஆனால் தட்டை என்பதால் உடம்போடு ஒட்டிக் கிடக்கும், பீரங்கிக்குக் குனிந்து நிமிரும் ஆளுக்கு இடிக்காது. யாருக்காகச் செய்தார்களோ அவர் வேலையை நினைத்துச் செய்தது இது. போரின் கடைசியில் 32 தோட்டா கொள்ளும் நத்தை வடிவ மேகசினை மாட்டி அகழிச் சண்டைக்கும் கொண்டுபோனார்கள். அதை நிரப்பத் தனிக் கருவி வேண்டும், சேறு பட்டால் அடம்பிடிக்கும். அதே மேகசின்தான் 1918-இல் வந்த எம்பி18 சப்மெஷின் துப்பாக்கிக்கும் (பிஸ்டல் தோட்டாவைச் சரமாரியாகச் சுடும் ஆயுதம்) முதலில் போனது. அதாவது லூகரின் வாரிசே லூகரை வீட்டுக்கு அனுப்பியது. நிரந்தரக் கட்டை உள்ள ஒரு சின்ன ஆயுதம் கிடைத்த பிறகு மாட்டிக் கழற்றும் வேலையை யார் செய்வார்கள்?

பிரௌனிங் ஹை-பவரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நல்ல துப்பாக்கி, 1935-இல் பெல்ஜியத்தில் வந்தது, 13 தோட்டா என்பது அன்று பெரிய விஷயம். பின்குறி 500 மீட்டர். கனடாவின் டொராண்டோவில் இங்லிஸ் ஆலை 1944 முதல் இதைச் சீனாவுக்காகச் செய்தபோது மரப்பெட்டி உறைக்கே திரும்பினார்கள். மௌசரில் பழகிய வாடிக்கையாளர் அதைத்தான் கேட்டார். நம் ஊர் தொடர்பு ஒன்று: இந்திய ராணுவத்தின் 9 மி.மீ. பிஸ்டல், இஷாப்பூர் ஆலையில் செய்வது, இந்த இங்லிஸ் வழிவந்ததே. கட்டை மட்டும் வரவில்லை. அதில் எந்த நஷ்டமும் இல்லை. ஹை-பவரின் சிறப்பெல்லாம் கட்டை இல்லாமலே கிடைப்பவை.

ஸ்டெச்கினை 1951-இல் மகரோவ் என்ற சின்னப் பிஸ்டலோடு சேர்த்துச் சோவியத் படை ஏற்றுக்கொண்டது. 20 தோட்டா, ஒவ்வொன்றாகவும் சுடலாம், சரமாரியாகவும் சுடலாம். சரமாரி வேகத்தைக் குறைக்கப் பிடிக்குள்ளேயே ஒரு தடை வைத்திருந்தார்கள். எனக்குப் பிடித்தது இதன் குறி: 25, 50, 100, 200 மீட்டர், அவ்வளவுதான். தன் தோட்டா எவ்வளவு தூரம் உதவும் என்று நேர்மையாக ஒப்புக்கொண்ட கருவி இந்தப் பட்டியலில் இது ஒன்றுதான். கட்டையோடு சேர்த்தால் சரமாரியும் கட்டுக்குள் நிற்கும்.

சுமப்பதில்தான் இது தோற்றது. வெறும் துப்பாக்கியே ஒரு கிலோ, உறைக்கட்டை சேர்ந்தால் ஒன்றே முக்கால் கிலோ பக்கம். முதலில் மரம், பிறகு பழுப்பு நிற பேக்கலைட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக். டாங்கியின் சின்ன வாசலில் அந்தப் பெட்டி மாட்டிக்கொள்ளும் என்பது பெரிய குறை. டாங்கி ஆட்களுக்காகச் செய்த பொருளுக்கு இதைவிட மோசமான குறை கிடையாது. மெதுவாக வழக்கொழிந்து, மடக்குக் கட்டை உள்ள குட்டைக் கலாஷ்னிகோவ் அந்த இடத்தைப் பிடித்தது. ஓசையடக்கி பொருத்திய வகை வந்தபோது பெட்டியைத் தூக்கிப்போட்டுக் கம்பிக் கட்டை வைத்தார்கள். அது நல்ல தீர்ப்பு.

கடைசியில் விபி70, ஹெக்லர் அண்ட் கோஹ் 1970-இல் கொண்டுவந்தது. பிளாஸ்டிக் சட்டகம் வைத்த முதல் பிஸ்டல்களில் ஒன்று, பிளாஸ்டிக் சட்டகத்துக்கே பேர்போன குளோக் பிஸ்டலுக்கு ஒரு பத்து வருடம் முன்னால். மற்ற நான்கிலும் கட்டை வெறும் முட்டு. இங்கே அது இயந்திரத்தின் ஒரு பகுதி. ஒன்றா மூன்றா என்று தேர்ந்தெடுக்கும் திருகு துப்பாக்கியில் இல்லை, கட்டையில் இருக்கிறது. கட்டையை மாட்டினால்தான் ஒரே இழுப்பில் மூன்று தோட்டா போகும், நிமிடத்துக்கு 2,200 என்ற வேகத்தில். துள்ளல் தோளை எட்டுவதற்குள் மூன்றும் குழலை விட்டுப் போயிருக்கும் என்பது கணக்கு. கட்டை கழன்றால் சாதாரண பிஸ்டல். சரமாரியை ஒற்றைக் கையால் கட்டுப்படுத்த முடியாது என்ற பழைய பிரச்சினைக்கு, முடியாத நிலையில் அதை நடக்கவே விடாத தீர்வு. இந்த ஐந்திலும் மூளை அதிகம் செலவானது இதற்குத்தான்.

அதற்கு விலையும் கொடுத்தது. விசை இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும், கனம் வேறு. கட்டையில் ஊன்றிய துல்லியத்தை அந்த இழுப்பே கெடுத்துவிடும். முன்குறி என்று மேடாக எதுவும் இல்லை, நிழலை வைத்துக் குறி பார்க்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் சரி, மங்கலில் என்ன செய்வது? 18 தோட்டா, எடையும் குறைவு, இருந்தும் பெரிய ராணுவம் எதுவும் இதைத் தன் பிரதான பிஸ்டலாக எடுக்கவில்லை.

ரைஃபிளின் கட்டைக்குள் துணைக்கு ஒரு பிஸ்டலைச் செருகிவைக்கும் யோசனையையும் இதோடு பொருத்திப் பார்க்கலாம். அது மேலே சொன்னதன் தலைகீழ். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் துணைத் துப்பாக்கி தேவைப்படுவது ரைஃபிள் மக்கர் செய்யும்போதோ, கையைவிட்டுப் போகும்போதோதான். இரண்டாவது சந்தர்ப்பத்தில் பிஸ்டலும் ரைஃபிளோடேயே போய்விடும். முதலாவதில், இரண்டு கையிலும் பிடித்திருக்கும் ஒன்றின் பின்பாகத்திலிருந்து ஒரு கையால் உருவ வேண்டும். இடுப்பிலிருந்து எடுப்பதே வேகம். பின்பக்கம் ஒரு கிலோ கூடினால் ரைஃபிளின் சமநிலையும் போகும். மௌசர் பெட்டியில் துப்பாக்கியும் கட்டையும் ஒன்றையொன்று நம்பி இருந்தன. இங்கே அப்படி ஒரு நியாயம் எனக்குத் தெரியவில்லை.

ஐந்துக்கும் பொதுவான பலவீனமும் நேரம்தான். மூடியைத் திற, எடு, மூடு, செருகு. எதிரி பக்கத்தில் இருந்தால் யாரும் இதைச் செய்ய மாட்டார்கள், ஒற்றைக் கையால் சுட்டுவிடுவார்கள். எதிரி தூரத்தில், நேரமும் இருக்கிறது என்றால் ரைஃபிள்காரர் பக்கத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். மிஞ்சுவது மெல்லிய ஓர் இடைவெளி. அந்த இடைவெளியை உண்மையாகவே நிரப்பியது ஒரு விசித்திரமான ஆயுதம்: சோவியத் விண்வெளி வீரர்களின் மூன்று குழல் டிபி-82. 1965-இல் லியோனவும் பெல்யாயெவும் இறங்கவேண்டிய இடம் தவறி யூரல் மலைப் பக்கத்துப் பனிக்காட்டில் இறங்கினார்கள். அந்த அனுபவத்துக்குப் பின் உருவாகி 1980-களின் நடுவில் விண்கலத்தில் ஏறியது இது. கட்டையாக மாட்டுவது ஒரு வெட்டுக்கத்தி. காட்டில் மாட்டிக்கொண்டவருக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை, சுடாத நேரத்தில் விறகு வெட்டக் கத்தியும் வேண்டும். கட்டையின் இரண்டு வேலையும் ஒரே ஆளுக்குத் தேவைப்பட்ட அபூர்வமான இடம் அது.

சரி, ஐந்தில் ஒன்றைச் சொல் என்றால்: சுடுவதற்கு லூகர், சந்தேகமே இல்லை. நீளக்குழலும் தட்டைப் பலகையும் சேர்ந்து அதை நிஜமாகவே குட்டிக் கார்பைன், அதாவது குட்டை ரைஃபிள், ஆக்கின. யோசனைக்கு விபி70. சேகரிப்பவர் என்றால் மௌசர்தான். அமெரிக்காவில் பிஸ்டலில் கட்டை மாட்டினால் 1934 சட்டப்படி அது குட்டைக்குழல் ரைஃபிள், பதிவு இல்லாமல் வைத்திருப்பது குற்றம். அசல் கட்டையோடு வரும் பழைய மௌசர், பீரங்கிப்படை லூகர் போன்றவற்றைச் சேகரிப்புப் பொருள் என்று அந்தச் சட்டத்திலிருந்து விலக்கியிருக்கிறார்கள். ஸ்டெச்கினுக்கு அந்தச் சலுகை இல்லை. கட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சட்டத்தின் கண்ணில் அது இயந்திரத் துப்பாக்கி.