வடசென்னையில் மாற்றுத்திறனாளி இல்லத்துக்கு ஆள் எடுப்பது: ஏஜென்சியா, அக்கம்பக்கமா?

மாற்றுத்திறனாளிகள் தங்கியிருக்கும் இல்லங்களுக்கு ஆள் வராதது பாதிப் பிரச்சினைதான். வந்தவர் நிலைக்காததுதான் மீதிப் பாதி. மூளை முடக்குவாதத்தால் பேச்சு வராத ஒருவர் புருவத்தைத் தூக்கினால் தண்ணீர், நாக்கை ஒரு பக்கம் ஒதுக்கினால் வலி என்று பிடிபடவே வாரக்கணக்காகும். பராமரிப்பாளர் மாறும் ஒவ்வொரு முறையும் பேச்சு வராத அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. அதனால் கீழே உள்ள வழிகளை 'அடுத்த வருஷமும் இந்த ஆள் இங்கே இருப்பாரா?' என்ற ஒரே கேள்வியை வைத்துத்தான் எடை போட்டிருக்கிறோம்.

ஏஜென்சி ஆளும் அக்கம்பக்கத்து ஆளும்

ஏஜென்சியின் பலம் வேகம். இன்று போன் செய்தால் நாளை ஒருவர் பையோடு வந்து நிற்பார். தங்கி வேலை செய்பவர் என்றால் இரவு ட்யூட்டியும் தீர்ந்தது. ஆனால் நாம் கட்டும் தொகையில் அவர் கைக்கு எவ்வளவு போகிறது என்பது பெரும்பாலும் நமக்குத் தெரியாது. அதை ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் அந்த ஏஜென்சி வேண்டாம். ஏஜென்சி ஆள் தானே என்று இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) விஷயத்தில் அசட்டையாக இருக்கவும் முடியாது. அவர்கள் கட்டாமல் விட்டால், முதன்மை முதலாளி என்ற முறையில் அந்தத் தொகை இல்லத்தின் தலையில்தான் விழும். இன்னொரு இடத்தில் கூடுதலாகக் கிடைத்தால் ஏஜென்சியே ஆளை மாற்றிவிடுவதும் உண்டு. 'வேற ஆள் அனுப்பறோம் சார்' என்பது அவர்களுக்குச் சேவை. நம் இல்லத்தில் இருப்பவருக்கோ அது இன்னொரு அந்நியக் கை.

அக்கம்பக்கத்தில் ஆள் எடுக்க இரண்டு மூன்று வாரம் ஆகும். மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டம், அங்கன்வாடி, ரேஷன் கடை, சர்ச் அறிவிப்பு, சிறப்புப் பள்ளி வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கும் அம்மாக்கள் என்று வாய்வழியாகச் சேதி போக வேண்டும். வேலை இணையதளத்தில் போட்ட விளம்பரத்தைவிட, ஏற்கெனவே வேலை செய்யும் ஒருவர் கூட்டிவரும் அக்கா நிலைப்பார். கூட்டிவந்தவருக்கு ஊக்கத்தொகை தருவதானால், பாதியைப் புதியவர் சேர்ந்த மாதத்திலும் மீதியை அவர் ஆறு மாதம் முடித்த பிறகும் கொடுங்கள். மொத்தத்தையும் முதல் நாளே கொடுத்தால் ஆள் பிடிப்பதுதான் நடக்கும்.

நடந்து வரும் தூரத்தில் இருப்பவர்களின் மதிப்பு நவம்பரில் தெரியும். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்று, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் வண்டிகள் தேங்கி, பஸ்ஸும் வராத நாளில் ட்யூட்டிக்கு வந்து சேர்பவர் அடுத்த தெருக்காரர்தான். ஆனால் தெருவுக்குத் தெரு வாழ்க்கை வேறு. காசிமேட்டில் மீன் வியாபாரத்தில் இருக்கும் பெண்கள் விடியுமுன்னே துறைமுகத்தில் இருப்பார்கள். அவர்களிடம் காலை ஷிப்ட் கேட்டால் ஆளே கிடைக்காது, மதியம் 2 மணி ஷிப்ட் என்றால் கிடைப்பார்கள். விலாசம் வியாசர்பாடி என்று பார்த்ததும் விண்ணப்பத்தை ஒதுக்கிவைக்கும் நிர்வாகிகளும் இருக்கிறார்கள். அது அநியாயம். நல்ல பராமரிப்பாளர்களை இழப்பதற்கு அதைவிடச் சுருக்கமான வழியும் கிடையாது.

எங்கள் தீர்ப்பு: நிரந்தர இடங்களுக்கு அக்கம்பக்கம், பிரசவ விடுப்பு போன்ற தற்காலிக இடைவெளிக்கு மட்டும் ஏஜென்சி. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் அம்மாக்களை எடுத்தால் கைப்பழக்கம் தயாராக இருக்கும். ஆனால் ட்யூட்டி நேரத்தில் அவர்கள் பிள்ளை எங்கே இருக்கும் என்பதை முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள்.

நேர்காணலா, சம்பளத்தோடு மூன்று நாளா?

நேர்காணலில் 'பொறுமையா இருப்பீங்களா?' என்று கேட்டால் இல்லை என்று யாரும் சொல்லப்போவதில்லை. அதற்குப் பத்து நிமிடம் போதும். மிச்சத்தை மூன்று நாள் சோதனை வேலையில் பாருங்கள், அந்த மூன்று நாளுக்கும் முழுச் சம்பளம் கொடுங்கள். தனியாக விடாமல் அனுபவமுள்ள ஒருவரோடு சேர்த்தே விடுங்கள்.

வீல்சேரை நகர்த்துமுன் முன்பக்கம் வந்து, 'அண்ணா, சாப்பிடப் போலாமா?' என்று சொல்கிறாரா, பின்னாலிருந்து சட்டென்று தள்ளுகிறாரா? டயப்பர் மாற்றும்போது, யாரும் சொல்லாமலே திரையை இழுத்துவிடுகிறாரா? ஊட்டும்போது தலை பின்னால் சாயாமல் நிமிர்ந்து உட்காரவைத்து, ஒரு வாய் விழுங்கியது தெரிந்த பிறகு அடுத்த வாய் கொடுக்கிறாரா? நின்றபடி ஊட்டினால், வாங்குபவர் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும். அப்போது சாதம் மூச்சுக்குழாய்க்குள் போக வாய்ப்பு அதிகம். ஊட்டும் முறையைக் கற்றுக்கொடுத்துவிடலாம். திரையை இழுத்துவிடும் மனசு மூன்று நாளில் தென்படாவிட்டால் பிறகு வருவது அரிது.

சோதனை முடிந்து தேர்வானவருக்குக் காவல்துறை சரிபார்ப்பு அவசியம். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். பழைய முதலாளியிடம் போனில் பேசுவதையும் விடாதீர்கள்.

பதிவு பெற்ற நிபுணர்

ஸ்பெஷல் எஜுகேட்டர் (சிறப்புக் கல்வி ஆசிரியர்) என்று வேலைக்கு வைப்பவருக்கு, 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு இருக்க வேண்டும். எண்ணைச் சரிபார்த்து வாங்குங்கள். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் இவர்களுக்குப் பயிற்சி தரும் மத்திய அரசின் நிறுவனம் இருக்கிறது. அங்கே படித்து அந்தப் பக்கமே குடியிருப்பவருக்குத் திருவொற்றியூர் நகரத்தின் மறுகோடி. 2021இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தபிறகு பயணம் சற்று எளிதுதான், என்றாலும் தினமும் வருவது கடினம். முழுநேரம் என்று பிடிவாதம் பிடிக்காமல், வாரத்தில் இரண்டு நாள் வைத்துக்கொண்டு, அதில் பாதி நேரத்தைப் பராமரிப்பாளர்களுக்குப் பயிற்சி தர ஒதுக்குவது நல்லது.

12 மணி நேரமா, 8 மணி நேரமா?

12 மணி நேர ஷிப்டில் ஆள் மிச்சம் என்று பலர் நம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். எந்நேரமும் இருவர் ட்யூட்டியில் இருக்க வேண்டும் என்றால், வாரத்துக்கு 2 × 24 × 7 = 336 மணி நேரம். ஒருவருக்கு வாரம் 48 மணி நேரம் என்று வகுத்தால் 7 பேர். ஷிப்டை எப்படி வெட்டினாலும் இந்த 7 மாறாது. ஐந்து பேரை வைத்து ஒப்பேற்றினால் ஒவ்வொருவரும் 67 மணி நேரத்துக்கு மேல் உழைக்கிறார்கள் என்று அர்த்தம். மிச்சமானதாகத் தெரிந்தது அவர்களுக்குக் கொடுக்காமல் விட்ட ஓவர்டைம்தான். லீவு, காய்ச்சல், கல்யாணம், சாவு எல்லாம் சேர்த்து 9 பேர் இருந்தால்தான் மூச்சு விட முடியும்.

மூன்று சம ஷிப்டிலும் ஒரு சிக்கல் உண்டு. இரவு 10 மணிக்கு ட்யூட்டி முடிக்கும் பெண், கன்டெய்னர் லாரிகள் ஓடும் எண்ணூர் நெடுஞ்சாலையில் பஸ்ஸுக்கு நிற்க வேண்டியிருக்கும். வேலையை விடுவதற்கு அந்தக் காரணம் ஒன்று போதும். காலை 7 முதல் 2, 2 முதல் 8, இரவு 8 முதல் 7 என்று வெட்டினால் யாரும் நடு இரவில் தெருவில் நிற்க வேண்டாம். இரவு ட்யூட்டி 11 மணி நேரம் என்பதால் வாரத்துக்கு நான்கு இரவுக்கு மேல் வேண்டாம். புரள முடியாதவரை இரண்டு மணிக்கொரு முறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். ஐந்தாவது இரவில் தளர்ந்துபோன ஆள் அதைத் தவறவிட்டால், விளைவு படுக்கைப்புண்.

பாராட்டு விழாவா, பதினைந்து நிமிடமா?

'சிறந்த பணியாளர்' ஷீல்டு, வருஷத்துக்கு ஒரு சுற்றுலா எல்லாம் நல்லதுதான், ஆனால் ஒன்பது பேரில் எட்டுப் பேருக்கு ஷீல்டு இல்லை. ஷிப்ட் மாறும்போது பதினைந்து நிமிடம் இரண்டு அணியும் சேர்ந்து உட்கார்வது அதைவிடப் பெரிய வேலை செய்யும். அந்தப் பதினைந்து நிமிடத்துக்கும் சம்பளம் உண்டு என்று எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் நின்றுபோகும். ஒவ்வொருவரைப் பற்றியும் என்ன சாப்பிட்டார், மலம் கழித்தாரா, ஃபிட்ஸ் வந்ததா, எத்தனை நிமிடம், எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, உடம்பில் புதுக் காயம் உண்டா, மனநிலை எப்படி என்று வாயால் சொல்லி நோட்டில் கையெழுத்திட வேண்டும். மாத்திரை கொடுத்த கையோடு டிக் போடாததால்தான் ஒரே டோஸ் இரண்டு முறை போகிறது, அல்லது போகாமலே இருந்துவிடுகிறது. வலிப்பு மாத்திரை ஒரு வேளை தவறினாலும் ஃபிட்ஸ் வரலாம். ஐந்து நிமிடம் தாண்டினால் 108 என்பது எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்கட்டும்.

தவறு நடந்தால் சம்பளத்தில் பிடிப்பது வேகமான வழி போலத் தோன்றும். பிடித்தால் தவறு குறையாது, சொல்வதுதான் குறையும். கட்டிலுக்கு மாற்றும்போது ஒருவர் விழுந்தது அன்றைக்கே தெரிந்தால் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுத்துவிடலாம். மறைக்கப்பட்டால் மூன்றாம் நாள் வீக்கம்தான் சொல்லும். முதலில் 'எப்படி நடந்தது?' என்று கேளுங்கள். பிரேக் பிடிக்கவில்லையா, கால்தாங்கி மடக்கப்படவில்லையா, இருவர் தூக்க வேண்டியவரை ஒருவர் தூக்கினாரா? அடித்தாலோ அவமானப்படுத்தினாலோ கதை வேறு. அதில் இரக்கத்துக்கு இடமே இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 92ஆம் பிரிவு, ஆறு மாதம் முதல் ஐந்து வருஷம் வரை சிறை. இந்த வித்தியாசத்தைச் சேரும் நாளிலேயே தமிழில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

டீ எல்லோருக்கும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி டம்ளரில் வரட்டும். 'ஆயா' என்று விரலைச் சொடுக்கிக் கூப்பிடும் ஆபீஸில், எந்தப் பயிற்சியும் ஒட்டாது.

கையில் கூடுதலா, இஎஸ்ஐயோடா?

'பிடித்தம் வேண்டாம், கையில் கொடுங்க' என்று சேரும்போது பலர் கேட்பார்கள். பத்துப் பேர் இருந்தால் இஎஸ்ஐ கட்டாயம். 14,000 ரூபாய் சம்பளத்தில் பணியாளர் பங்கு 105 ரூபாய், இல்லத்தின் பங்கு 455 ரூபாய். அந்த 105 ரூபாய்க்கு அயனாவரம் இஎஸ்ஐ மருத்துவமனையில் குடும்பத்துக்கே சிகிச்சை, போதிய நாள் பங்களிப்பு இருந்தால் நோய்க்கால விடுப்பில் 70 சதவீதச் சம்பளம், பிரசவத்துக்கு 26 வாரம் என்று கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள். சம்பளத் தேதி மட்டும் தவறவே கூடாது. தேதி தள்ளிப்போனால் வட்டிக்கு வாங்குவார்கள், வட்டி ஏறினால் அதிகம் தரும் ஏஜென்சியைத் தேடிப் போவார்கள். அவசரத்துக்கு அரை மாதச் சம்பளம் வரை வட்டியில்லா அட்வான்ஸ், நான்கு தவணையில் பிடித்தம் என்று விதி வைத்தால், நிலுவை ஒரு சின்னத் தொகையைத் தாண்டாது.