தக்காளி நாற்றுக்கு உயிர் உரமா, கடல்பாசிச் சாறா?

பாலக்கோட்டுக்கு அருகே ஒரு ஏக்கரில் தக்காளி வைக்கும் நான், கடந்த இரண்டு பட்டங்களாக நாற்றை வெளியில் வாங்காமல், 98 குழிகள் கொண்ட தட்டுகளில் நானே வளர்த்து வருகிறேன். தட்டுகளில் ஒரு பாதிக்கு அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்னும் நுண்ணுயிர்களாலான உயிர் உரங்கள் கலந்த தென்னை நார்க்கழிவை நிரப்பினேன். மறு பாதிக்கு வெறும் நார்க்கழிவை நிரப்பி, முளைத்தபின் கடல்பாசிச் சாற்றைத் தெளித்தேன். இப்போது நான் உயிர் உரத்தின் பக்கம் நிற்கிறேன்.

விலையைப் பற்றிப் பேச அதிகமில்லை. நாற்றங்கால் அளவுக்கு இரண்டும் சிறு செலவுதான். கடல்பாசிச் சாற்றின் பலன் சில நாளிலேயே இலையில் தெரிந்துவிடுகிறது. அதிலுள்ள சைட்டோகைனின் போன்ற வளர்ச்சி ஊக்கிகளால் இலை கரும்பச்சையாகிறது. நாற்று விற்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! ஆனால் 25ஆம் நாள் நடுவதற்குப் பிடுங்கியபோது, அந்த நாற்றுகள் பலவற்றில் நார்க்கழிவின் அடிப்பாதி உதிர்ந்து குழியிலேயே தங்கிவிட்டது. உயிர் உரம் இட்டவை, வெண்ணிறச் சல்லிவேர் சுற்றிய கட்டியாக முழுசாகக் கையோடு வந்தன. செம்மண்ணில் நட்ட மறுநாள் உச்சிவெயிலிலும் அவ்வளவாக வாடவில்லை. அசோஸ்பைரில்லம் தழைச்சத்தை நிலைநிறுத்துவதோடு, இன்டோல் அசிட்டிக் அமிலம் என்னும் வளர்ச்சி ஊக்கியையும் சுரந்து வேரைக் கிளைக்க வைக்கிறது.

ஆனால் இவையெல்லாம் நுண்ணுயிர் உயிரோடு இருந்தால்தான். முதல் பட்டத்தில், சித்திரை வெயிலில், பாக்கெட்டுகளை மோட்டார் கொட்டகையின் தகரக் கூரைக்கடியில் மூன்று வாரம் போட்டு வைத்தேன்; அந்த முறை உயிர் உரம் இட்ட தட்டுக்கும் இடாத தட்டுக்கும் ஒரு வேறுபாடும் இல்லை. பிழை என்னுடையது. தூள் வடிவில் கிராமுக்கு 5 கோடி, திரவத்தில் மில்லிலிட்டருக்கு 10 கோடி நுண்ணுயிர்களாவது இருக்க வேண்டும் என்பது உரக் கட்டுப்பாட்டு ஆணையின் அளவு. தூள் ஏறத்தாழ ஆறு மாதமும் திரவம் ஓராண்டும் தாங்கும் என்பார்கள். அது நிழலில், குளிர்ந்த இடத்தில் வைத்தால் மட்டுமே. ஆகவே கார்த்திகைப் பட்டத்தில் தயாரிப்புத் தேதியைப் பார்த்து, விதைக்கும் வாரத்தில்தான் வாங்கினேன். வீரிய விதை பெரும்பாலும் பூசணக்கொல்லி பூசிய நிறத்தோடு வருவதால் உயிர் உரத்தை விதையில் பூசும் விதைநேர்த்தியை விட்டுவிட்டு, நார்க்கழிவிலேயே கலந்தேன். 300 கிலோ நார்க்கழிவுக்கு உயிர் உரம் தலா ஒரு கிலோவும் வேப்பம்புண்ணாக்கு 5 கிலோவும் என்பது ஒரு ஹெக்டேருக்குரிய 238 தட்டுகளுக்கான கணக்கு. எனக்கு 96 தட்டுகள் போதுமாயின. நாற்றழுகல் கண்டதும் பழக்கத்தில் தாமிரப் பூசணக்கொல்லியை ஊற்றினால் கலந்த நுண்ணுயிரும் சேர்ந்து மடியும் என்பதால், நோய்ப் பூசணத்தை அடக்கும் பாக்டீரியாவான சூடோமோனாஸையும் முன்கூட்டியே கலந்துகொண்டேன்.

எனக்குக் கைகொடுத்தது ஒரே ஒரு குளிர்காலப் பட்டம்தான்; கோடையிலும் இப்படியே இருக்கும் என்றோ, மிளகாய்க்கும் கத்தரிக்கும் இது அப்படியே பொருந்தும் என்றோ நான் சொல்ல மாட்டேன். குளிர்ந்த இடத்தில் வைக்க வசதியில்லாதவர்களுக்கும், தேதி பார்த்து வாங்க வழியில்லாதவர்களுக்கும் கடல்பாசிச் சாறே மேல். சித்திரையில் அதே கொட்டகையில் கிடந்த என் புட்டியில் பாதி இன்னும் மீதமிருக்கிறது, அதை இந்த முறை வயலில் பூ எடுக்கும் முன் தெளிக்க வைத்திருக்கிறேன்.