வன்னி வெள்ளத்துக்கு எந்த வரைபடத்தை நம்பலாம்?

பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கம் காணி பார்க்கப் போகிறவர்கள் இப்போது முதலில் கேட்கும் கேள்வி, "2018 இல் இங்க தண்ணி ஏறினதோ?" என்பதுதான். அந்த ஆண்டு டிசம்பர் 21, 22 ஆம் திகதிகளில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் பட்ட பாடு அப்படி. அடுத்த மாரிக்கு எது மூழ்கும் என்று முன்கூட்டியே வரைந்து வைக்க இன்று பல வழிகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை இலவசம். ஆனால் வன்னி நிலத்தில் எல்லாம் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை.

ஆகச் சுலபமானது உயரக் கணக்கு. செய்மதி தந்த நில உயரத் தரவை கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் ஏற்றி, ஒவ்வொரு இடமும் பக்கத்து ஆற்றைவிட எவ்வளவு மேலே இருக்கிறது என்று கணக்கிட்டு, தாழ்ந்த இடங்களுக்கு நிறம் கொடுப்பார்கள். அரை நாள் வேலை. மலையும் பள்ளத்தாக்குமான ஊருக்கு இது போதும். இங்கே போதாது. இந்த முறையில் முதல் படியே, வெளியேற வழியில்லாத பள்ளங்களைத் தரவுப் பிழை என்று எண்ணி நிரப்பிவிடுவது. குளக்கட்டுக்குப் பின்னால் உள்ள குளம் கணினிக்கு அப்படியொரு பள்ளம்தான். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று குளங்களாலேயே ஆன நாட்டில், குளங்களை அழித்துவிட்டு வெள்ளத்தைத் தேடினால் என்ன கிடைக்கும்?

இரண்டாவது, சென்டினல்-1 செய்மதிப் படம். ராடார் என்பதால் முகில் தடையில்லை, கார்த்திகை மழைக்குள்ளும் பார்க்கும். நடந்ததை அப்படியே காட்டுவது இதன் பெரிய பலம். ஆனால் ஒரு செய்மதி அதே பாதைக்குத் திரும்பி வர 12 நாள் ஆகும். நமது வெள்ளமோ இரவில் ஏறி, பல இடங்களில் ஓரிரு நாளில் வடிந்துவிடும். அதோடு மாரிக்கால நெற்செய்கையான காலபோகத்தில் வயலில் தண்ணீர் நிற்பது வழமை. அந்தத் தண்ணீரையும் வெள்ளத்தையும் படத்தை மட்டும் வைத்துப் பிரிப்பது கடினம். மரச்சோலைக்குள் நிற்கும் வீடுகளில் புகுந்த தண்ணீர் பெரும்பாலும் தெரியாமலே போகும். ஆக, ஒரு வரைபடத்தைச் சரிபார்க்க இது நல்ல சாட்சி. "குளத்தின் மிகுதி நீரை வெளிவிடும் வான்கதவை நான்கு மணிநேரம் முந்தித் திறந்திருந்தால்?" என்ற கேள்விக்கு இதனிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்விக்கு நீரோட்டத்தைப் போலச்செய்து பார்க்கும் மென்பொருள் வேண்டும். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் லிஸ்ஃப்ளட்-எஃப்பி, அமெரிக்க இராணுவப் பொறியியல் படைப்பிரிவின் ஹெக்-ராஸ் இரண்டையும் சாதாரண மடிக்கணினியில் ஓட்டிப் பார்த்தேன். முதலாவது வேகமானது. சதுரக் கட்டங்களாகப் பிரித்த நிலத்தில் தண்ணீரைக் கட்டத்துக்குக் கட்டம் நகர்த்தும். முழு மாவட்டத்தையும் ஒரு பார்வை பார்க்க அதையே சொல்வேன். ஆனால் இரணைமடுவின் கீழே இறங்கினால் என் தெரிவு ஹெக்-ராஸ். மதகு, வான்கதவு, குளக்கட்டு ஒவ்வொன்றையும் கையால் வைத்து, கதவை எத்தனை மணிக்கு எவ்வளவு திறப்பது என்று மாற்றி மாற்றி ஓட்டலாம். இரணைமடுவிலிருந்து இறங்கும் கனகராயன் ஆறு சுண்டிக்குளம் கடனீரேரிக்குப் போகும் வழியில் இயற்கையாக ஓடும் தூரத்தைவிட, மனிதர் போட்ட கட்டுகளுக்குக் கட்டுப்பட்டு ஓடும் தூரம்தான் முக்கியம்.

மென்பொருளைவிடப் பெரிய சிக்கல் நிலத் தரவில் இருக்கிறது. பலரும் எடுத்துப் போடும் எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு 2000 பெப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து அளந்தது. போருக்குப் பின் உயர்த்திப் போட்ட ஏ-9 வீதியும் பரந்தன் முல்லைத்தீவு வீதியும், 2013 இல் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்த ரயில் பாதையின் மண்மேடும் அதில் எப்படி இருக்கும்? ஐரோப்பாவின் கோப்பர்னிக்கஸ் உயரத் தரவு 2011 முதல் 2015 வரை எடுத்தது, எவ்வளவோ மேல். அதிலும் ஒரு கட்டம் 30 மீற்றர், சில மீற்றர் அகல வீதி அதற்குள் கரைந்துவிடும். காடு அடர்ந்த ஒட்டுசுட்டான் பக்கத்துக்கு, மரங்களின் உயரத்தைக் கழித்துத் தரும் ஃபாப்டெம் என்ற உயரத் தரவு நல்லது.

என் முதல் ஓட்டத்தில் முரசுமோட்டையில் ஒரு வீட்டு முற்றம் காய்ந்து கிடந்தது. அந்த வீட்டு ஐயாவோ சுவரில் முழங்காலுக்கு மேலே இருந்த சேற்றுக் கோட்டைக் காட்டினார். "தம்பி, ஆத்தால வரேல்லை. ரோட்டுக்கு அங்கால நிண்ட தண்ணி மதகால பாய்ஞ்சது," என்றார். திரும்பி வந்து வீதியைக் கட்டாக உயர்த்தி, அந்த மதகையும் அளந்த அளவில் வைத்து மறுபடி ஓட்டினேன். தண்ணீர் வீதிக்குப் பின்னால் தேங்கி, மதகால் இறங்கி, ஐயாவின் முற்றத்துக்கு வந்தது. இப்போது மற்ற மதகுகளையும் ஒவ்வொன்றாக நாடா பிடித்து அளந்துகொண்டிருக்கிறேன்.