‘பேக்கப் கெட்டுவிட்டது’ என்றார்கள், ₹34,500 போனது

ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்கிறேன். பழைய டேட்டாபேஸைப் புதிய சர்வருக்கு மாற்றித் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் ₹34,500 இழந்து இன்றோடு நான்கு நாள்கள் ஆகின்றன. நடந்ததையும், நீங்கள் கவனிக்க வேண்டியவற்றையும் எழுதுகிறேன்.

எங்கள் பில்லிங் மென்பொருள், மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வரின் 2000 பதிப்பில் ஓடிக்கொண்டிருந்தது. அதை எழுதிக் கொடுத்தவர் தொழிலையே விட்டுவிட்டார். பழைய கணினியின் மதர்போர்டு போனதும், பென்டிரைவில் இருந்த பேக்கப்பை நம்பி, எஸ்க்யூஎல் சர்வர் 2019 உள்ள புதிய சர்வரை வாங்கினோம். மாற்றித் தர ஆள் தேடியபோது, கணினி வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் ஒரு செயலியின் வழியாக அந்த நபர் வந்தார், ₹12,000 பேசினார். “உங்க ஃபைலை நான் தொடவே மாட்டேனுங்கண்ணா, நகல் எடுத்து வெச்சுட்டுத்தான் வேலையே ஆரம்பிப்பேனுங்க” என்றார். சொன்னபடியே நகலும் எடுத்தார். அந்த ஒரு நேர்மையைப் பார்த்துத்தான் முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பினேன்.

ஒரு மணி நேரத்தில் திரையில் சிவப்பு எழுத்தில் பிழைச்செய்தி ஒன்றைக் காட்டி, கோப்பு கெட்டுவிட்டது என்றும், மீட்க மேலும் ₹22,500 ஆகும் என்றும் சொன்னார். பதினைந்து ஆண்டுப் பாக்கிக் கணக்கு முழுவதும் அதில் இருப்பதால் கொடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் வந்தவை, பாதி வாடிக்கையாளர் பெயர்கள்கூட இல்லாத இரண்டு எக்செல் தாள்கள்.

அதன்பின் அழைத்தால், “சர்வர் ரூம்ல இருக்கேனுங்க” என்பார். பிறகு எடுப்பதே இல்லை. செயலிக்காரர்களோ, வேலை முடிந்தது என்று நான் பொத்தானை அழுத்திவிட்டதால் புகாரை ஏற்க முடியாது என்று ஒரே பதிலை மூன்று முறை அனுப்பினார்கள். அந்தப் பொத்தானை அழுத்தினால்தான் எக்செல் தாள்களே திறக்கும் என்று அவர் சொன்னதை யாரிடம் போய்ச் சொல்வது?

எங்கள் கணக்குப்பிள்ளையின் மகன் கல்லூரியில் படிப்பவர். அன்று நான் செல்பேசியில் எடுத்து வைத்திருந்த பிழைச்செய்திப் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். எண் 3169, பேக்கப்பின் பதிப்பு 8.00.2039 (எஸ்க்யூஎல் சர்வர் 2000-இன் உள் எண்), இந்தச் சர்வருடன் பொருந்தாது, பொருந்தும் பதிப்பில் ஏற்றவும் என்று அதிலேயே எழுதியிருந்தது. கெட்டுப்போனது என்ற சொல்லே இல்லை! 2012-உம் அதற்குப் பிந்தைய பதிப்புகளும் 2000-இன் பேக்கப்பை நேரடியாக ஏற்பதில்லையாம். இடையில் 2008 ஆர்2 பதிப்பு போன்ற ஒரு படி வேண்டும். விண்டோஸ் 7 உள்ள பழைய மடிக்கணினியில், 10 ஜிபி வரை தாங்கும் 2008 ஆர்2-இன் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பை நிறுவி, எங்கள் 3 ஜிபி பேக்கப்பை ஏற்றி, அங்கிருந்து புதிய பேக்கப் எடுத்து 2019-இல் ஏற்றிவிட்டார். அட்டவணைகளை இணைக்கும் பழைய ‘*=’ குறியீட்டு முறையில் எழுதியிருந்த இரண்டு ரிப்போர்ட்டுகள் மட்டும் இன்னும் ஓடவில்லை. செலவு ஒரு காபி. நான் கொடுத்தது ₹34,500.

எனவே, பிழைச்செய்தியைப் படம் எடுத்து, அதில் உள்ள எண்ணைத் தேடிப் பாருங்கள். முழுப் பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள். உங்கள் கணக்கு உங்கள் திரையில் திறக்கும்வரை ‘வேலை முடிந்தது’ பொத்தானை அழுத்தாதீர்கள். புதிய பதிப்பில் எடுத்த பேக்கப் பழையதில் ஏறாது என்பதால் பழைய பென்டிரைவை அழிக்காதீர்கள். இன்னும் எழுத நினைத்தேன். செயலியிலிருந்து நான்காவது முறையாக அதே பதில் இப்போதுதான் வந்திருக்கிறது.